பார்சலில் போகும் மெமரியும் பாபா அளந்த கதிரும்

ஆண்டாப் ஹில்லுக்குக் கிழக்கே உப்பளங்களையும் மாஹுல் கழியையும் தாண்டினால் டிராம்பே. அங்கே குன்றின் அடியில், கடலைப் பார்த்தபடி இருக்கிறது பாபா அணு ஆராய்ச்சி மையம். செம்பூரிலும் மாதுங்காவிலும் ஆண்டாப் ஹில்லிலும் குடியிருக்கும் தமிழர்களில் அங்கே வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் உண்டு. இன்றும் காலையில் பஸ் பிடித்துப் போகிறவர்கள் உண்டு.

ஊரிலிருந்து புதிதாக வருகிறவர்கள், பாபா என்றதும் ஷீரடியையோ புட்டபர்த்தியையோ நினைத்துக் கொள்வார்கள். இவர் சாமியார் அல்லர். பம்பாயில் பிறந்த பார்ஸி. விஞ்ஞானி. கல்யாணமே செய்துகொள்ளாதவர்.

இவருடைய கதையை இன்றைக்குச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. கல்யாண வீடியோவை மெமரி கார்டில் ஏற்றி துபாயில் இருக்கும் மகனுக்குப் பார்சல் அனுப்புகிறோம். செல்போன் ரிப்பேர் கடைக்காரர் சிப்புகளை விமானத்தில் வரவழைக்கிறார். விமான நிலையத்தில் எல்லாப் பார்சலையும் எக்ஸ்ரே பெட்டிக்குள் விட்டுத்தான் எடுக்கிறார்கள். எக்ஸ்ரே பட்டால் உள்ளே இருப்பது அழிந்துவிடாதா? இது பலருக்கும் இருக்கிற பயம்.

மெமரி கார்டு வருவதற்கு வெகுகாலம் முன்பே பாபா காலமாகிவிட்டார். ஆனாலும் இந்தப் பயத்துக்கு விடை அவருடைய வாழ்க்கையில் இருக்கிறது. எந்தக் கதிர், எவ்வளவு, எங்கே என்று கணக்குப் பார்ப்பதே அவருடைய தொழிலாக இருந்தது.

மாமாவின் இரும்பாலை

ஹோமி ஜஹாங்கீர் பாபா 1909 அக்டோபர் 30-ல் பிறந்தார். தகப்பனார் வக்கீல். அத்தையை மணந்தவர் சர் தோராப்ஜி டாட்டா. ஜாம்ஷெட்பூர் இரும்பாலையை நடத்திய அதே டாட்டாதான். ஆகவே பையனுக்கு மாமா முறை.

குழந்தையாக இருந்தபோது ஹோமிக்குத் தூக்கம் மிகக் குறைவு என்றும், பெற்றோர் பயந்து டாக்டரிடம் காட்டினார்கள் என்றும் சொல்வார்கள். உடம்பில் ஒரு கோளாறும் இல்லை. மூளைதான் ஓய்வெடுக்க மறுத்தது.

கதீட்ரல் பள்ளி, எல்பின்ஸ்டன் கல்லூரி, ராயல் விஞ்ஞானக் கழகம் என்று பம்பாயிலேயே படித்துவிட்டு 1927-ல் கேம்பிரிட்ஜ் போனார். மெக்கானிக்கல் இன்ஜினீயரிங் படிக்க வேண்டும், திரும்பி வந்து மாமாவின் இரும்பாலையில் சேர வேண்டும் என்பது வீட்டார் போட்ட திட்டம்.

போன இடத்தில் பையன் மனம் மாறிவிட்டது. தனக்கு வேண்டியது பௌதிகம்தான், இன்ஜினீயர் வேலை தன் சுபாவத்துக்கே ஒத்துவராது என்று தகப்பனாருக்குக் கடிதம் எழுதினார். தகப்பனார் கோபித்துக் கொள்ளவில்லை. ஒரு நிபந்தனை போட்டார். முதலில் இன்ஜினீயரிங்கில் முதல் வகுப்பில் தேற வேண்டும். தேறினால் மேற்கொண்டு கணிதம் படிக்கப் பணம் அனுப்பப்படும். 1930-ல் மகன் முதல் வகுப்பில் தேறினார். தகப்பனாரும் சொன்னபடி செய்தார். 1932-ல் கணிதத்திலும் முதல் வகுப்பு.

இன்றைக்கும் வீட்டுக்கு வீடு நடக்கிற வழக்குத்தான் இது. அந்த வக்கீல் அதைத் தீர்த்த விதம் நன்றாக இருக்கிறது.

வானத்திலிருந்து ஒரு மழை

பாபா படித்துக் கொண்டிருந்த கேம்பிரிட்ஜில் காவெண்டிஷ் என்ற ஆராய்ச்சிக்கூடம் உண்டு. 1932-ல் அங்கேதான் சாட்விக் என்பவர் நியூட்ரான் என்ற துகளைக் கண்டுபிடித்தார். இந்த நியூட்ரானை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக் கொள்ள வேண்டும். பின்னால் வரும்.

அப்போது விஞ்ஞானிகளை வாட்டிய பெரிய புதிர் காஸ்மிக் கதிர்கள். 1912-ல் ஹெஸ் என்ற ஆஸ்திரியர் பலூனில் ஏறிப்போய், மேலே போகப் போகக் கதிர்வீச்சு கூடுகிறது என்று கண்டார். எங்கிருந்தோ, விண்வெளியிலிருந்து, இரவும் பகலும் கதிர்கள் பூமியில் விழுந்தபடி இருக்கின்றன. நம் தலைமேலும் விழுகின்றன. கூரையைத் துளைத்துக்கொண்டு வருகின்றன.

இந்தக் கதிர்களைக் கருவி வைத்துப் பிடித்தபோது ஒரு விசித்திரம் தெரிந்தது. ஒரே நேரத்தில் ஏராளமான துகள்கள் கொத்தாக வந்து விழுந்தன. இந்தக் கொத்து எங்கிருந்து வருகிறது?

1937-ல் பாபாவும் ஹைட்லர் என்ற ஜெர்மானிய விஞ்ஞானியும் சேர்ந்து விடை சொன்னார்கள். (ஹிட்லருக்கும் இவருக்கும் ஓர் எழுத்துத்தான் வித்தியாசம். ஆனால் இந்த ஹைட்லர், அந்த ஹிட்லருக்குத் தப்பி ஓடி வந்தவர்.)

காற்று மண்டலத்தின் உச்சியில் வேகமான எலக்ட்ரான் ஒன்று நுழைகிறது. ஓர் அணுவின் மையத்துக்குப் பக்கத்தில் போகும்போது அதன் சக்தியில் ஒரு பகுதி காமா கதிராகப் பிரிகிறது. அந்தக் காமா கதிர் இன்னோர் அணுவின் பக்கத்தில் போகும்போது எலக்ட்ரானும் பாசிட்ரானும் கொண்ட ஜோடியாகிறது. ஒவ்வொன்றும் மறுபடியும் காமா கதிரை விடுகிறது. அது மறுபடியும் ஜோடியாகிறது. ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, நான்கு எட்டாகி, வதந்தி பரவுவது மாதிரி பெருகுகிறது. ஆனால் முதல் எலக்ட்ரான் கொண்டுவந்த சக்தியைத்தான் எல்லாம் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். பங்கு சிறுத்துச் சிறுத்து, ஒரு கட்டத்தில் பெருக்கம் நின்று மழை ஓய்கிறது.

எவ்வளவு உயரத்தில் எத்தனை துகள் இருக்கும் என்று கணக்குப் போட்டு, அளந்து பார்த்ததோடு பொருந்துகிறதா என்று காட்டினார்கள். பாபாவின் பெயர் ஐரோப்பா முழுவதும் தெரிந்தது இதனால்தான். அப்போது அவருக்கு வயது 27.

இந்தக் கணக்கில் அடங்காத ஒரு பகுதியும் வானத்திலிருந்து வந்தது. அது ஈயத்தையும் துளைத்துக்கொண்டு போயிற்று. அது எலக்ட்ரானைவிடக் கனமான புதுத் துகளாக இருக்க வேண்டும் என்று வாதாடியவர்களில் பாபாவும் ஒருவர். அந்த வகைத் துகளுக்கு மெஸான் என்ற சுருக்கமான பெயரை 1939-ல் யோசனை சொன்னவரும் அவர்தான்.

யுத்தம் தடுத்த பயணம்

1939-ல் விடுமுறைக்கு இந்தியா வந்தார். யுத்தம் மூண்டது. திரும்பிப் போக முடியவில்லை.

பெங்களூரில் சர் சி.வி. ராமன் இருந்த இந்திய விஞ்ஞானக் கழகத்தில் சேர்ந்தார். மாமா பெயரில் இருந்த டாட்டா டிரஸ்ட் பணம் கொடுத்தது. காஸ்மிக் கதிர் ஆராய்ச்சிப் பிரிவு ஒன்று ஆரம்பமாயிற்று. 1941-ல், 31 வயதில், லண்டன் ராயல் சொஸைட்டியின் உறுப்பினர் ஆனார்.

பெங்களூரை யுத்தத்தால் கிடைத்த மாற்று இடம் என்று பாபா ஒதுக்கவில்லை. பூமியின் காந்த சக்தி, வானத்திலிருந்து வரும் மின்துகள்களை வளைத்துத் திருப்பி விடுகிறது. இந்தக் காந்த வேலி துருவத்தின் பக்கம் பலவீனம், பூமத்திய ரேகையின் பக்கம் பலம். ஆகவே கேம்பிரிட்ஜைவிடப் பெங்களூரில் கதிர் குறைவாக விழ வேண்டும். தென்னிந்தியாவில் இருந்துகொண்டு அளந்தால்தான் இந்த வித்தியாசம் தெரியும். யுத்த காலத்தில் தென்னிந்தியாவில் இருந்த அமெரிக்க விமானப்படையின் விமானத்தில் கருவிகளை ஏற்றிச் சுமார் 30,000 அடி உயரம் வரை அளந்தார்கள்.

இன்றைக்கு நம் பார்சலைச் சுமந்துபோகும் விமானமும் ஏறத்தாழ அந்த உயரத்தில்தான் பறக்கிறது.

1944 மார்ச் 12-ல் பாபா டாட்டா டிரஸ்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். அடிப்படை ஆராய்ச்சிக்கு இந்தியாவில் ஒரு நல்ல ஸ்தாபனம் வேண்டும், இப்போதே ஆள் தயார் செய்தால்தான் அணுசக்தி வரும் நாளில் நிபுணர்களுக்காக வெளிநாட்டைப் பார்க்க வேண்டியிராது என்பது கடிதத்தின் சாரம். ஹிரோஷிமாவில் குண்டு விழுவதற்கு ஓராண்டுக்கு முன்னால் எழுதிய கடிதம் இது.

1945 ஜூனில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையம் பெங்களூரில் ஆரம்பமாகி, டிசம்பரில் பம்பாய்க்கு வந்தது. பெட்டர் ரோட்டில் உறவுக்கார அம்மையார் ஒருவருக்குச் சொந்தமான கெனில்வொர்த் பங்களாவில் இடம். பாபா பிறந்ததே அந்த வீட்டில்தான். இன்று கொலாபாவில் கடலோரம் நிற்கும் கட்டிடம் 1962-ல் திறக்கப்பட்டது.

அந்தப் பங்களா நாட்களில் சென்னையிலிருந்து ஓர் இளைஞர் வந்து சேர்ந்தார். சட்டமேதை அல்லாடி கிருஷ்ணசாமி அய்யரின் புதல்வர் ராமகிருஷ்ணன். காஸ்மிக் கதிர் மழையில் துகள்களின் எண்ணிக்கை சராசரியிலிருந்து எவ்வளவு ஏறி இறங்கும் என்ற கடினமான கணக்கை பாபா அவர்முன் வைத்தார். அந்தக் கணக்கில்தான் ராமகிருஷ்ணனின் விஞ்ஞான வாழ்க்கை தொடங்கிற்று. பிற்பாடு 1962-ல் சென்னையில் கணித அறிவியல் நிலையத்தை நிறுவியவர் அவர்தான்.

பொன் வயலில் பிடித்த கதிர்

கோலார் தங்கவயலில் சுரங்கத்துக்குள் இறங்கியவர்கள் பெரும்பாலும் வட ஆர்க்காடு, தர்மபுரிப் பக்கத் தமிழர்கள் என்பது நமக்குத் தெரியும். அந்தச் சுரங்கத்தில் பாபாவின் நிலையத்தார் 1950-களிலேயே கருவிகளைக் கொண்டுபோய் இறக்கினார்கள். தலைக்கு மேல் இருக்கும் பாறை கூடக் கூட, வானத்துக் கதிர் எவ்வளவு குறைகிறது என்று பார்ப்பது நோக்கம்.

கதிர் குறைந்துகொண்டே வந்தது. மிக ஆழத்தில் இரண்டு மாதம் வைத்திருந்தும் ஒரு துகள்கூடப் பதிவாகவில்லை. வேறு யாராக இருந்தாலும் கருவியைக் கட்டி எடுத்துக்கொண்டு கிளம்பியிருப்பார்கள். இவ்வளவு அமைதியான இடம் உலகத்தில் வேறு எங்கே கிடைக்கும் என்று நினைத்து, அங்கேயே நியூட்ரினோவைத் தேட ஆரம்பித்தார்கள். 1965-ல், 2 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில், காற்று மண்டலத்தில் பிறந்த நியூட்ரினோவின் அடையாளம் கிடைத்தது. உலகத்தில் அதை முதலில் அறிவித்தவர்களில் இந்தக் குழுவும் ஒன்று. சுரங்கம் 2001-ல் மூடப்பட்டுவிட்டது. தங்கவயல் தமிழர்கள் பிழைப்பைத் தேடிக் கலைந்தார்கள். பாபாவைப் பற்றி எழுதுகிறவர்கள் அவர்களை அதிகம் நினைப்பதில்லை.

பாசி மணி கோத்த மெமரி

டிராம்பே கதை எல்லாருக்கும் தெரிந்தது. 1948-ல் அணுசக்திக் கமிஷன், பாபா தலைவர். 1954-ல் டிராம்பேயில் வேலை தொடங்கியது. 1956 ஆகஸ்டு 4-ல் ‘அப்ஸரா’ அணு உலை இயங்கிற்று. ஆசியாவில், சோவியத் நாட்டை விட்டுவிட்டுப் பார்த்தால், அதுவே முதல். 1955-ல் ஜெனீவாவில் நடந்த ஐக்கிய நாடுகள் அணுசக்தி மாநாட்டுக்கு பாபாதான் தலைமை வகித்தார். அணு மின்சாரம் அவர் எதிர்பார்த்த வேகத்தில் வரவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அவ்வளவாகப் பேசப்படாத இன்னொரு காரியம், கம்ப்யூட்டர்.

வெளிநாட்டிலிருந்து வாங்காமல் நாமே ஒன்று செய்து பார்ப்பது என்று பாபாவின் நிலையத்தில் தீர்மானித்தார்கள். பொறுப்பேற்றவர் சென்னையில் பிறந்த ஆர். நரசிம்மன். அவரும் இளைஞர்களும் சேர்ந்து 1960-ல் ஒரு முழுக் கம்ப்யூட்டரை இயக்கிக் காட்டினார்கள். சுமார் 2,700 வால்வுகள் கொண்ட அந்த இயந்திரத்துக்கு 1962-ல் நேரு ‘டிஃப்ராக்’ என்று பெயர் வைத்தார்.

அதன் மெமரிதான் நமக்கு இங்கே முக்கியம். ஃபெர்ரைட் என்ற காந்தப் பொருளால் ஆன மிகச் சிறிய வளையங்கள். பாசி மணி கோப்பது போலக் கம்பிகளில் கோத்திருப்பார்கள். ஒவ்வொரு வளையமும் ஒரு திசையில் காந்தமேறினால் 1, எதிர்த்திசையில் ஏறினால் 0. ஒரு சொல்லுக்கு 40 வளையம், மொத்தம் 2,048 சொற்கள். பெருக்கினால் 81,920 வளையங்கள். இன்று சுண்டுவிரல் நகம் அளவுள்ள 32 ஜி.பி. மெமரி கார்டில் அதைப் போல 30 லட்சம் மடங்குக்கு மேல் அடங்குகிறது.

ஆனால் அந்தப் பழைய வளையத்துக்கு ஒரு பெருமை உண்டு. எக்ஸ்ரேயோ காமா கதிரோ பட்டால் அது அசையாது. கதிர், எலக்ட்ரானைத்தான் தட்டிவிடும். காந்தத்தின் திசையைத் திருப்பாது. அதனால்தான் அமெரிக்க விண்வெளிக் கலங்களில் இந்த மாதிரிக் காந்த மெமரியை நெடுங்காலம் விடாமல் வைத்திருந்தார்கள்.

இன்றைய மெமரி கார்டில் காந்தம் கிடையாது. அங்கே ஒவ்வொரு அறையிலும் கொஞ்சம் எலக்ட்ரான்களை அடைத்து, சுற்றிலும் மின்சாரம் கடத்தாத சுவர் எழுப்பியிருக்கிறார்கள். எலக்ட்ரான் இருந்தால் ஓர் எழுத்து, இல்லாவிட்டால் இன்னோர் எழுத்து என்று வைத்துக்கொள்ளலாம். எக்ஸ்ரே பாயும்போது சுவரிலும் அறையிலும் எலக்ட்ரான்கள் தட்டப்பட்டு, அடைத்து வைத்ததில் சிறிது கசிகிறது. போதுமான அளவு கசிந்தால் எழுத்து மாறிவிடும். ஆகவே பயத்தில் உண்மையே இல்லை என்று சொல்ல முடியாது.

எவ்வளவு என்பதே கேள்வி

கதிரின் அளவைக் கிரே என்ற கணக்கில் சொல்வார்கள். கடைக்காரர் கிலோ கணக்குச் சொல்வது போல. அதில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு, மைக்ரோ கிரே.

கைப்பையையும் சிறு பார்சலையும் பார்க்கிற எக்ஸ்ரே பெட்டி ஒரு தடவைக்குக் கொடுப்பது ஒரு மைக்ரோ கிரே, அல்லது அதை ஒட்டிய அளவு. பெரிய பெட்டிகளைச் சுற்றிச் சுற்றிப் படமெடுக்கும் புதிய இயந்திரங்களில் இது அதிகம். மெமரி கார்டில் எழுத்து மாற ஆரம்பிக்கப் பல பத்து கிரேயாவது வேண்டும். சில சிப்புகள் சில நூறு கிரே வரை தாங்கும்.

பார்சலுக்கு ஒரு தடவைக்கு 10 மைக்ரோ கிரே என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். 50 கிரே சேர வேண்டுமானால் அதே பார்சல் 50 லட்சம் தடவை பெட்டிக்குள் போய்வர வேண்டும். எந்தக் கூரியர்காரரும் அவ்வளவு தடவை அனுப்ப மாட்டார்!

இன்னொரு கணக்கும் உண்டு. பாபா அளந்த காஸ்மிக் கதிர், பெட்டியே இல்லாமல், கடல்மட்டத்தில் ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட முக்கால் மைக்ரோ கிரே கொடுக்கிறது. அதாவது மெமரி கார்டு அலமாரியில் சும்மா கிடந்தாலும், ஒரு நாளில் ஏறத்தாழ ஓர் எக்ஸ்ரே பெட்டியின் பங்கை வானமே கொடுத்துவிடுகிறது. விமானத்தில் ஏறிவிட்டால் சில மணி நேரத்திலேயே அதைத் தாண்டிவிடும். லண்டன் பக்கம் போகும் விமானத்தில் அதிகம், சென்னை விமானத்தில் குறைவு. பெங்களூரில் பாபா பார்த்த அதே காந்த வேலிதான் காரணம்.

அப்படியானால் எந்தக் கதிரிலும் மெமரிக்குக் கெடுதல் இல்லையா? இருக்கிறது.

டிராம்பேயிலேயே ஐஸோமெட் என்ற ஆலை 1974-ல் ஏற்பட்டது. ஆஸ்பத்திரிச் சாமான்களைக் கட்டிய அட்டைப் பெட்டியோடு கோபால்ட்-60-ன் காமா கதிர் முன்னால் நகர்த்திக்கொண்டு போவார்கள். கட்டைப் பிரிக்காமலே உள்ளே இருக்கும் கிருமி அத்தனையும் சாகும். அங்கே கொடுக்கும் அளவு 25,000 கிரே. விமான நிலையப் பெட்டி கொடுப்பதைப் போல ஆயிரம் கோடி மடங்குக்கும் மேல். அந்தப் பெட்டிக்குள் ஒரு மெமரி கார்டு தவறிப் போய்ச் சேர்ந்தால் அதன் கதி அவ்வளவுதான்.

2001-ல் அமெரிக்காவில் தபாலில் ஆந்த்ராக்ஸ் கிருமித் தூளை அனுப்பி ஐந்து பேரைக் கொன்றார்கள். அதற்குப் பிறகு வாஷிங்டன் சர்க்கார் அலுவலகங்களுக்குப் போகும் தபாலைக் கிருமி சாகும் அளவுக்குக் கதிர் பாய்ச்ச ஆரம்பித்தார்கள். காகிதம் பழுத்து நொறுங்கியது. ஃபிலிமும் எலக்ட்ரானிக் சாமான்களும் கெடும் என்று தபால் இலாகாவே எச்சரித்தது. சோதனைக்கு எக்ஸ்ரே பார்ப்பது வேறு, கிருமியைக் கொல்லக் கதிர் பாய்ச்சுவது வேறு. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டதில்தான் பாதிப் பயம் பிறந்தது.

ஃபிலிம் வேறு கதை. எக்ஸ்ரேயைப் பிடிப்பதே அதன் குணம். பலூனில் ஃபிலிம் பூச்சுத் தகடுகளை ஏற்றி அனுப்பி வானத்துக் கதிரின் தடத்தைப் பிடித்தவர்கள் பாபாவின் ஆட்கள். டிராம்பே ஊழியர்கள் சட்டையில் குத்திக்கொள்ளும் கதிர் அளவு பேட்ஜின் வேலையும் பட்ட கதிரைப் பதிவு செய்வதுதான். அதைப் பைக்குள் போட்டு எக்ஸ்ரே பெட்டியில் விட்டால், படாத கதிரெல்லாம் பட்டதாகக் கணக்குக் காட்டிவிடும்.

ஒரு துகள், ஓர் எழுத்து

நியூட்ரானை ஞாபகம் வைக்கச் சொன்னது இதற்குத்தான்.

எக்ஸ்ரே என்பது தூறல் மாதிரி. எங்கும் பரவலாக, கொஞ்சம் கொஞ்சமாக நனைக்கும். காஸ்மிக் கதிர் மழையில் நியூட்ரானும் உண்டு. அது கல்லெறி மாதிரி. பெரும்பாலும் எதன்மேலும் படாமல் போய்விடும். எப்போதாவது சிப்பில் இருக்கும் ஒரு சிலிக்கன் அணுவின் மையத்தில் மோதினால், அந்த ஒரே இடத்தில் மின்சாரம் கொட்டி, 1 இருந்த இடத்தில் 0 வந்துவிடும். சிப் கெடாது. எழுத்து மட்டும் மாறும்.

பாபாவும் ஹைட்லரும் கணக்கிட்டது எலக்ட்ரான் பெருக்கத்தை. நியூட்ரான் பிறப்பது அதே வான்மழையின் இன்னொரு கிளையில். வானத்துக் கதிர் கம்ப்யூட்டர் மெமரியைத் தாக்கும் என்று ஐ.பி.எம். கம்பெனியைச் சேர்ந்த ஸீக்லரும் அவருடைய கூட்டாளியும் கணக்குக் காட்டியது 1979-ல். பாபா போய் 13 வருஷம் ஆகியிருந்தது. பிறகு கடல்மட்டத்துக்கு 10,000 அடி உயரத்தில் இருக்கும் லெட்வில் என்ற அமெரிக்க ஊரில் மெமரியை வைத்துப் பார்த்தார்கள், தவறு கூடியது. நிலத்தடியில் வைத்தார்கள், ஏறக்குறைய நின்றுவிட்டது. ஹெஸ் பலூனில் ஏறியும் பாபாவின் ஆட்கள் தங்கவயலில் இறங்கியும் கண்ட அதே சங்கதி.

2003-ல் பெல்ஜியம் நாட்டில் ஸ்கார்பேக் என்ற ஊரின் தேர்தலில், மின்னணு ஓட்டுக் கணக்கில் ஒரு வேட்பாளருக்கு வாங்க முடியாத அளவு ஓட்டு வந்துவிட்டது. திரும்ப எண்ணியதில் கூடுதல் சரியாக 4,096 என்று தெரிந்தது. இரண்டை இரண்டால் பெருக்கிக்கொண்டே போனால் 12-வது இடத்தில் வரும் எண் அது. மெமரியில் ஒரே ஒரு 0, 1 ஆக மாறினால் இந்த எண்தான் கூடும். இயந்திரத்தில் வேறு கோளாறு கிடைக்கவில்லை. வானத்துக் கதிராக இருக்கலாம் என்று விட்டுவிட்டார்கள்.

பார்சலில் போகும் கார்டுக்கு இதனாலும் பெரிய ஆபத்து இல்லை. ஒன்றிரண்டு எழுத்து மாறினால் தானே திருத்திக்கொள்ளும் கணக்கு அதற்குள்ளேயே இருக்கிறது. கார்டைக் கெடுப்பது பெரும்பாலும் ஈரம், சூடு, வளைவது, மட்டமான சரக்கு. கல்யாண வீடியோவுக்கு வீட்டில் ஒரு நகல் வைத்துக்கொண்டு அனுப்புவதுதான் புத்திசாலித்தனம். கதிருக்காக அல்ல, தொலைந்துபோகிற பார்சலுக்காக.

பனியில் கிடந்த பை

பாபா வெறும் கணக்குப்பிள்ளை அல்லர். ஓவியம் தீட்டுவார். மேல்நாட்டுச் சங்கீதத்தில் உயிர். கட்டிடம் கட்ட மரத்தை வெட்ட வேண்டும் என்றால் விடமாட்டார். பெரிய மரத்தையும் வேரோடு பெயர்த்து வேறிடத்தில் நடச் சொல்வார்.

எலக்ட்ரானிக் சாமான்களை இந்தியாவிலேயே செய்ய வழி காண 1963-ல் சர்க்கார் ஒரு கமிட்டி போட்டது. பாபாவே தலைவர். கமிட்டியின் அறிக்கை 1966-ல் வந்தது. அதன் பலன்களில் ஒன்றான ஹைதராபாத் எலக்ட்ரானிக்ஸ் கார்ப்பரேஷன் 1967-ல் பிறந்தது. அதைப் பார்க்க அவர் இல்லை.

1966 ஜனவரி 11-ல் தாஷ்கண்டில் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி காலமானார். ஜனவரி 24-ல் இந்திரா காந்தி பிரதமராகப் பதவியேற்றார். அதே நாள் காலை, ‘கஞ்சன்ஜங்கா’ என்ற ஏர் இந்தியா போயிங் விமானம் பம்பாயிலிருந்து டெல்லி, பெய்ரூட் வழியாக ஜெனீவாவை நெருங்கிக்கொண்டிருந்தது. வியன்னாவில் நடக்க இருந்த சர்வதேச அணுசக்தி ஏஜென்ஸியின் கூட்டத்துக்குப் போக பாபா அதில் இருந்தார்.

மலையைத் தாண்டிவிட்டோம் என்று விமானி நினைத்தார். தாண்டவில்லை. மோன் பிளான் சிகரத்தின் உச்சிக்குச் சற்றுக் கீழே விமானம் மோதிற்று. 117 பேரும் மாண்டார்கள். 1950-ல் ஏர் இந்தியாவின் ‘மலபார் பிரின்ஸஸ்’ விமானம் 48 பேரோடு நொறுங்கியதும் ஏறக்குறைய அதே இடத்தில்தான். சதி என்று பல கதைகள் இன்றும் உலவுகின்றன. பிரெஞ்சு விசாரணை சொன்னது, விமானத்தின் இருப்பிடம் பற்றித் தரைக்கும் விமானிக்கும் இடையே ஏற்பட்ட தவறான புரிதல் என்றுதான்.

பாபாவின் உடல் கிடைக்கவில்லை. அவருக்கு வயது 56.

1967-ல் டிராம்பே மையத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. மலபார் ஹில்லில் அவர் வாழ்ந்த ‘மெஹ்ராங்கிர்’ பங்களா 2014-ல் 372 கோடி ரூபாய்க்கு ஏலம் போயிற்று. நினைவில்லமாக வைக்க வேண்டும் என்று டிராம்பே ஊழியர்கள் கோர்ட் வரை போய்ப் பார்த்தார்கள். பங்களா பிறகு இடிக்கப்பட்டது.

மோன் பிளானின் பனி ஆறு மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கிறது. விமானத்தில் இருந்ததை ஒவ்வொன்றாகக் கீழே கொண்டுவந்து போடுகிறது. 2012 ஆகஸ்டில் மலையேறிகள் அங்கே ஒரு சாக்குப் பையைக் கண்டெடுத்தார்கள். இந்திய வெளிவிவகார இலாகாவின் தபால் பை. எடை சுமார் 9 கிலோ. 46 வருஷம் பனியில் கிடந்த பையைப் பிரித்தால் உள்ளே செய்தித்தாள்கள். நனைந்திருந்தன; ஆனால் படிக்க முடிந்தது. பையை இந்தியத் தூதரகத்தார் வந்து வாங்கிக்கொண்டு போனார்கள்.